முதல் கூட்டத்திலிருந்து முடிந்த கான் வரை: கொழும்பில் வேலை தொடங்கும் இலகுபடுத்துநருக்கு

மட்டக்குளியில் ஒரு தோட்டம் (கொழும்பில் நெருக்கமாக வீடுகள் உள்ள குடியிருப்பை இப்படித்தான் சொல்வோம்). 62 வீடுகள், ஒரே ஒரு முடுக்கு, அதன் ஓரமாக ஓடும் ஒரு கான், அதாவது வடிகால். மழை பெய்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அந்தப் பிரச்சினையோடுதான் நான் இந்த வேலைக்குள் வந்தேன். மூன்று மாதத்தில் முடியும் என்று கணக்குப் போட்டேன், பதினான்கு மாதம் எடுத்தது. யாராவது முன்கூட்டியே நாலு விஷயம் சொல்லியிருந்தால் அதில் ஆறு மாதமாவது மிச்சமாகியிருக்கும். உங்களுக்கு அந்த ஆறு மாதம் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

உங்களை ஒரு நிறுவனம் அனுப்பியிருக்கலாம், நீங்களாகவே உங்கள் ஊருக்காக இறங்கியிருக்கலாம். எப்படியானாலும் வேலை ஒன்றுதான். சனம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வரவும், அந்த முடிவு சரியான மேசைக்குப் போய்ச் சேரவும் வழி செய்ய வேண்டும். முடிவு அவர்களுடையது, கடிதத்தின் கீழ் வரும் கையெழுத்தும் அவர்களுடையதுதான். நான் இழந்த மாதங்களில் பெரும்பாலானவை இதை மறந்த இடங்களில்தான் போயின.

1. எல்லையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள்

கொழும்பு மாவட்டத்தில் 13 பிரதேச செயலகப் பிரிவுகள் இருக்கின்றன. மாநகர சபை எல்லைக்குள் வருபவை இரண்டு: கொழும்பு, திம்பிரிகஸ்யாய. மட்டக்குளி, முகத்துவாரம், கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் பக்கம் என்றால் கொழும்புப் பிரதேச செயலகம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி பக்கம் என்றால் திம்பிரிகஸ்யாய. மட்டக்குளிப் பாலத்தைத் தாண்டிவிட்டால் மாவட்டமே மாறிவிடும், அந்தப் பக்கம் கம்பஹா. கொலன்னாவைக்குள் கால் வைத்தால் அது தனிப் பிரதேச செயலகம், தனி நகர சபை.

முதல் நாளே ஒரு கொப்பியில் நான்கு விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயரும் இலக்கமும், பிரதேச செயலகம், மாநகர சபை வட்டாரம், பொலிஸ் நிலையம். கிராம உத்தியோகத்தர் பிரிவும் வட்டாரமும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஒரே முடுக்கின் இரண்டு பக்கமும் வேறு வேறு பிரிவில் இருக்கலாம். இதைப் பார்க்காமல் கடிதம் எழுதினால், "இது எங்கட பிரிவு இல்லை" என்ற ஒரு வரிக்காக மூன்று வாரம் காத்திருக்க வேண்டி வரும்.

அடுத்து ஜிஎஸ்ஸை, அதாவது கிராம உத்தியோகத்தரை, போய்ப் பாருங்கள். அவர் எல்லா நாளும் அலுவலகத்தில் இருக்க மாட்டார், வெளிக்கள நாட்களும் உண்டு. இருக்கும் நாட்கள் கதவில் ஒட்டியிருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் எதுவும் கேட்காமல், "நான் இன்னார், இந்த வேலைக்காக வந்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தால் போதும். பின்னால் அவருடைய சிபாரிசுக் கடிதம் தேவைப்படும்போது உங்கள் முகம் அவருக்குப் புதிதாக இருக்கக் கூடாது.

2. முதல் இரண்டு வாரம் கையில் பேப்பர் வேண்டாம்

நான் முதல் நாளே கிளிப் போர்டோடு போனேன். வீடுகளை எண்ணி, குடும்ப எண்ணிக்கையைக் கேட்டு எழுதினேன். மூன்றாவது வீட்டுக்குப் பிறகு கதவுகள் சாத்தத் தொடங்கின. காரணம் பிறகுதான் விளங்கியது. கொழும்பில் பல தோட்டங்களின் சனம் கடந்த பதினைந்து வருடத்தில் நகர அபிவிருத்தி அதிகார சபையின் தொடர்மாடிகளுக்கு மாறியிருக்கிறார்கள். அப்படி மாறுவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டையும் யாரோ ஒருவர் வந்து எண்ணியிருப்பார். பேப்பரோடு வந்து வீட்டை எண்ணுபவர் என்றாலே "உடைக்கப் போறாங்களா?" என்ற பயம் வந்துவிடுகிறது. அந்தப் பயத்துக்கு நியாயம் இருக்கிறது. அதை மதித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

ஆகவே வெறுங்கையோடு நடங்கள். காலை பத்து மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறரைக்குப் பிறகு ஒரு தடவை. காலையில் பெண்களும் வயதானவர்களும் இருப்பார்கள். துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் வேலைக்குப் போகிறவர்களும் த்ரீவீல் ஓட்டுபவர்களும் மாலையில்தான் அகப்படுவார்கள். ஒரு நேரத்தில் மட்டும் போனால் பாதித் தோட்டத்தைத்தான் பார்த்திருப்பீர்கள். ஒரு மழை நாளிலும் கட்டாயம் போங்கள். நான் முதல் மழைக்குப் போகவில்லை. கானைப் பற்றி அன்று ஒரு மணி நேரத்தில் கண்டிருக்கக் கூடியதைக் கேட்டு அறிய ஒரு மாதம் பிடித்தது.

கூப்பிடும் முறையிலும் கவனம் வேண்டும். தமிழ் வீட்டில் அக்கா, அண்ணா, அங்கிள், அன்ரி. முஸ்லிம் வீட்டில் மூத்த பெண்ணைத் "தாத்தா" என்றும் ஆணை "நானா" என்றும் கூப்பிடுவார்கள். வடக்கிலிருந்தோ மலையகத்திலிருந்தோ புதிதாக வந்தவர்களுக்கு இது முதலில் குழப்பம்தான். சிங்களத்தில் "ஐயா" என்றால் மூத்த சகோதரன். வயதில் பெரியவரை மரியாதையாகக் கூப்பிட அங்கே "அங்கிள்" பொருத்தமாக இருக்கும். உங்களை எல்லோரும் "மிஸ்", "சேர்" என்றுதான் தொடங்குவார்கள். அது உறவுமுறையாக மாறும்போதுதான் உண்மையான பேச்சும் தொடங்கும்.

3. ஏற்கெனவே உள்ள சங்கங்களைத் தேடுங்கள்

எந்தத் தோட்டமும் வெற்று நிலம் அல்ல. மரணாதார சங்கம் இருக்கும், கோயில் சபை இருக்கும், பள்ளிவாசல் ஜமாஅத் இருக்கும், சீட்டுப் பிடிக்கிற ஒரு அக்கா இருப்பார். அந்த அக்காவைக் கண்டுபிடியுங்கள். தன் காசை நம்பி இருபது குடும்பம் ஒருவரிடம் மாதாமாதம் கொடுக்கிறது என்றால், அந்தத் தோட்டத்தில் நம்பிக்கை எங்கே இருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

புதுச் சங்கம் தொடங்கும் ஆசை எல்லாப் புதியவர்களுக்கும் வரும், எனக்கும் வந்தது. ஆனால் பதிவு உயிரோடு இருக்கிற ஒரு நலன்புரிச் சங்கமோ மாநகர சபையோடு வேலை செய்த பழைய சமூக அபிவிருத்தி மன்றமோ இருந்தால், அதைப் புதுப்பிப்பதுதான் வேகமான வழி. கடைசியாகப் பொதுக்கூட்டம் நடந்த திகதி என்ன, வங்கிக் கணக்கு இன்னும் நடக்கிறதா, முத்திரை யாரிடம் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் பதில் கிடைத்தால் 7ஆம் படியில் பாதியைத் தாண்டிவிட்டீர்கள்.

4. நாள், நேரம், இடம்

வெள்ளி நண்பகல் ஜும்ஆ. ஞாயிறு காலை பூசையும் அறநெறிப் பாடசாலையும். போயா அன்று எல்லோருக்கும் லீவுதான், ஆனால் சில் எடுக்கும் பௌத்தர்கள் வர மாட்டார்கள். நோன்பு மாதத்தில் மாலைக் கூட்டம் வேண்டாம். ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள், அந்த வாரம் வட கொழும்பில் எதையும் வைக்காதீர்கள். சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலத்தில் தாய்மார் வெளியே வர மாட்டார்கள். இவ்வளவையும் கழித்துப் பார்த்ததில் எங்களுக்கு மிஞ்சியது ஞாயிறு மாலை நாலரை. பெரும்பாலான தோட்டங்களுக்கு அதுவே சரிவரும்.

இடம் இலவசமாகக் கிடைத்தது என்று முதல் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைத்தேன். முஸ்லிம் குடும்பங்களில் இருந்து ஒருவரும் வரவில்லை. யாரும் மறுப்புச் சொல்லவில்லை, வராமல் இருந்துவிட்டார்கள். இரண்டாவது தடவை பாலர் பாடசாலைக்கு மாற்றினோம், எல்லோரும் வந்தார்கள். சனசமூக நிலையம் இருந்தால் அதுவும் நல்லது. ஒலிபெருக்கி வைப்பதென்றால் பொலிஸ் அனுமதி வேண்டும். முப்பது நாற்பது பேருக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை.

சாப்பாடு எல்லோரும் தயங்காமல் எடுக்கக் கூடியதாக இருக்கட்டும். வடை, கடலை, பிளேன்டீ போதும். இறைச்சி றோல்ஸ் வாங்கினால் யாராவது ஒருவர் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பார்.

5. கூட்டம்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தமிழும் சிங்களமும் கலந்த கூட்டத்தில் ஒவ்வொரு விஷயமும் இரண்டு தடவை சொல்லப்படும். அதனால் இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு ஒரு மணி நேர விஷயத்தை மட்டும் கொண்டு போங்கள். கடைசியில் சுருக்கமாக மொழிபெயர்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம். கடைசியில் சொல்லும்போது முடிவு எடுத்தாகிவிட்டது, கேட்பவர் வெறும் பார்வையாளராகிவிடுவார். இரண்டு மூன்று வசனத்துக்கு ஒரு தடவை நிறுத்தி மாற்றிச் சொல்லுங்கள். அதைச் செய்பவர் தோட்டத்துப் பிள்ளையாக இருந்தால் இன்னும் நல்லது. எங்களுக்கு உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருந்த ஒரு தங்கை அதைச் செய்தார்.

வரவுத் தாளில் ஒரு பொறி இருக்கிறது. கையெழுத்து வாங்கியவுடன் சிலருக்குச் சந்தேகம் வரும்: எதற்கு இது, வீட்டைக் கொடுக்கச் சம்மதம் என்று எழுதிவிடுவார்களோ? தாளின் தலைப்பில் "இது கூட்டத்துக்கு வந்தவர்களின் பட்டியல் மட்டுமே" என்று இரண்டு மொழியிலும், திகதியோடு, முன்கூட்டியே எழுதி வையுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்து வாங்காதீர்கள். அடையாள அட்டை இலக்கமும் இந்தக் கட்டத்தில் வேண்டாம்.

அப்புறம் படம். நான் டிமை தாளில் தோட்டத்தின் வரைபடத்தை அழகாகக் கீறிக்கொண்டு போயிருந்தேன். சங்கத் தலைவர் எழுந்து, கான் சிறியது, அகலமாக்க வேண்டும் என்று சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் அதையே எழுதிக்கொண்டேன். கூட்டம் முடிந்து கதிரை அடுக்கும்போதுதான், பின்னால் இருந்த ஒரு முஸ்லிம் பெண், எல்லோரும் தாத்தா என்று கூப்பிடுபவர், பக்கத்தில் வந்து சொன்னார்: "மகள், நீங்க கீறின படத்தில தண்ணி எங்கட வீட்டுக்கு வராது. ஆனா வருதே."

அடுத்த ஞாயிறு படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, முடுக்கின் சீமெந்துத் தரையில் சோக்கால் அவர்களையே கீறச் சொன்னோம். பிள்ளைகள்தான் முதலில் இறங்கினார்கள். பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்து, தன் வீட்டில் தண்ணீர் எந்த அளவுக்கு நின்றது என்று கோடு போட்டார்கள். அந்தத் தாத்தா கானை மூடியிருந்த நாலாவது ஸ்லெப்பில் ஒரு சிலுவைக் குறி போட்டார். அதைத் தூக்கிப் பார்த்தோம். கானுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குழாய். அதில் சொப்பிங் பேக்கும் தேங்காய்த் தும்பும் ஒரு சேலை முந்தானையும் சிக்கி, பாய் பின்னினதுபோல் ஒரு தட்டியாகி இருந்தது. ஒவ்வொரு மழைக்கும் ஒரு இரும்புக் கம்பியால் அவர்தான் அதைக் கிளறி விட்டுக்கொண்டிருந்திருக்கிறார், பல வருடமாக. கான் சிறியது அல்ல, அந்தக் குழாய்தான் தடை. அகலமாக்குவதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு போதும் குழாயை உயர்த்தவும் இரண்டு ஸ்லெப் மாற்றவும்.

நான் அந்தப் பெண்ணை அந்தக் கூட்டத்தில் பேச வைக்கவில்லை. அவருக்குத் தெரிந்ததை முதலிலேயே கேட்டிருந்தால் எங்கள் முதல் விண்ணப்பமே சரியாக இருந்திருக்கும். அதனால் இந்த மூன்றையும் செய்யுங்கள். படத்தை அவர்கள் கையால் தரையில் கீற விடுங்கள். பெரிய வட்டத்தில் பேச முன்னர் ஐந்தைந்து பேராகப் பிரித்துப் பேச விடுங்கள், பெண்களுக்குத் தனி வட்டம். எது முதலில் என்று முடிவு செய்யும்போது கை உயர்த்தச் சொல்ல வேண்டாம், எல்லோரும் தலைவரின் கையைப் பார்த்துத்தான் உயர்த்துவார்கள். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுத்து, பிரச்சினைகளின் படம் ஒட்டிய டப்பாக்களில் போடச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாதவரும் அதில் சரிசமம். எண்ணுவதையும் அவர்களே செய்யட்டும்.

தலைவரை ஒதுக்கிவிடாதீர்கள். அவருக்கும் பல வருட உழைப்பு இருக்கிறது. கூட்டத்துக்கு முதல் நாள் அவர் வீட்டுக்குப் போய், என்ன முறையில் நடத்தப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வாருங்கள். திறந்து வைப்பதும் முடிவை வாசிப்பதும் அவர் கையில் இருக்கட்டும்.

அன்றிரவே கூட்டறிக்கையை எழுதி முடியுங்கள். எடுத்த முடிவு, யார் செய்வது, எந்தத் திகதிக்குள். ஒரு பக்கம் போதும். இரண்டு மொழியிலும் போட்டோக்கொப்பி எடுத்து, மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் ஒட்டுங்கள்.

6. அது யாருடைய கான் என்று எழுத்தில் வாங்குங்கள்

நகரத்துக்குள் ஒரு கான் பல கைகளில் இருக்கும். முடுக்கோரக் கானும் கழிவுநீர்க் குழாயும் பெரும்பாலும் மாநகர சபை. குடிநீர்க் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. பெரிய கால்வாய்கள் இலங்கை காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனம். பக்கத்தில் தண்டவாளமோ துறைமுகக் காணியோ இருந்தால் அவர்களும் வருவார்கள். நாங்கள் விசாரிக்காமல் ஓரிடத்துக்கு எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். பிரதியில் திகதி முத்திரை வாங்கவில்லை. ஐந்து வாரம் கழித்துப் போனால் அப்படி ஒரு கடிதம் வந்ததாகவே பதிவு இல்லை. பிறகுதான் தெரிந்தது, அது அவர்களுடைய வேலையும் இல்லை என்று.

இதற்கு நல்ல கருவி 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம். செய்முறை சுருக்கமாக:

எழுத்தில் விண்ணப்பியுங்கள், தமிழில் எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பக் கட்டணமும் இல்லை, பிரதிகளுக்குத்தான் பக்கக் கணக்கில் சிறு கட்டணம். அலுவலகத்தில் தகவல் அலுவலர் ஒருவர் இருப்பார், அவரிடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். தருவதாக முடிவானால் அடுத்த 14 நாட்களுக்குள் தகவல் வர வேண்டும், தேவைப்பட்டால் அதிகபட்சம் 21 நாட்கள் நீடிக்கலாம். மறுத்தாலோ பதிலே இல்லாவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அவருக்கு மூன்று வாரம். அதுவும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு.

பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு செய்யப்படாத சங்கமும் விண்ணப்பிக்கலாம், அங்கத்தவரில் நாலில் மூன்று பங்கினர் இலங்கைப் பிரஜைகளாக இருந்தால் போதும். ஆகவே பதிவு முடியும்வரை காத்திருக்க வேண்டாம், இரண்டையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

கேள்வியைக் குறுகலாகக் கேளுங்கள். "ஏன் எங்கள் கான் திருத்தப்படவில்லை?" என்று கேட்டால் அதற்குத் தகவல் இல்லை. "இன்ன ஒழுங்கையில், இன்ன இலக்க வீட்டிலிருந்து இன்ன இலக்க வீடு வரையுள்ள கானின் பராமரிப்புப் பொறுப்பு எந்த நிறுவனத்துக்குரியது? கடைசி மூன்று வருடத்தில் அதற்குச் செய்த வேலைகளின் பதிவுப் பிரதி" என்று கேட்டால் பதில் வரும். எங்களுக்கு வந்த ஒரு பக்கப் பதிலைத்தான் அதன் பிறகு எழுதிய எல்லாக் கடிதத்தோடும் இணைத்தோம். அதற்குப் பிறகு ஒருவரும் எங்களை வேறு கதவுக்கு அனுப்பவில்லை.

மொழி விஷயத்தில் தயங்க வேண்டாம். கொழும்பில் எந்த அரச அலுவலகத்துக்கும் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே உரிமை தருகிறது. ஆனால் கலப்புத் தோட்டத்தின் கடிதம் இரண்டு மொழியிலும் போவதுதான் நல்லது. அந்தக் கடிதம் எல்லோருடையதும் என்பது பார்த்தவுடனே தெரியும். எந்தத் திணைக்களம் எங்கே என்று தெரியாவிட்டால் 1919க்கு எடுங்கள், தமிழிலும் பேசலாம்.

தொடர்மாடியில் வேலை என்றால் கதை கொஞ்சம் வேறு. படிக்கட்டு, லிப்ட், நீர்த் தாங்கி எல்லாம் பொதுச் சொத்து. அங்கே வீட்டு உரிமையாளர்களின் முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பதிவாகியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள், கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையில் கேட்கலாம்.

7. பதிவு

பிரதேச மட்டத்தில் வேலை செய்யும் சங்கத்தைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்யலாம். தேசிய மட்ட நிறுவனமாகப் பதிவது வேறு அலுவலகம், வேறு சட்டம், நீண்ட வேலை. ஒரு தோட்டத்துக்கு அது தேவையில்லை. நாங்கள் கொண்டுபோன பைல்:

பதிவு கேட்டு எழுதிய கடிதம். யாப்பு, ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர், செயலாளர், பொருளாளர் கையொப்பத்தோடு. ஆரம்பக் கூட்டத்தின் கூட்டறிக்கையும் வரவுத் தாளும். நிர்வாக உறுப்பினர் பட்டியல், பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி. அங்கத்தவர் பட்டியல். கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு. எல்லாவற்றிலும் மூன்று பிரதி.

எங்களை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது யாப்பு. இணையத்தில் கிடைத்த பெரிய நிறுவனமொன்றின் யாப்பைத் திருத்திக் கொடுத்திருந்தேன். அதில் உள்ள பாதி விதி தோட்டத்துக்குப் பொருந்தாது. எட்டுப் பத்துப் பந்தியில் நீங்களே எழுத வையுங்கள்: பெயர், எல்லை, நோக்கம், அங்கத்துவம், பொதுக்கூட்டம் எப்போது, எத்தனை பேர் வந்தால் கூட்டம் செல்லும், யார் காசோலையில் ஒப்பமிடுவது, கணக்கு யார் பார்ப்பது, சங்கம் கலைந்தால் மிஞ்சிய பணம் எங்கே போகும். கடைசி விதியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். பெயரின் எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். ஒரு "வ" மாறினாலும் வங்கியில் நின்றுவிடும்.

திருத்தங்களோடு சேர்த்து எங்களுக்கு ஏழு வாரம் எடுத்தது. யாப்பு முதல் தடவையே சரியாக இருந்திருந்தால் மூன்று வாரத்தில் முடிந்திருக்கும். பதிவு இருந்தால் சிறு வேலைகளைச் சங்கமே சமூக ஒப்பந்தமாக எடுத்துச் செய்யும் வாய்ப்பும் உண்டு. அதற்கான தொகை எல்லை சுற்றறிக்கைக்குச் சுற்றறிக்கை மாறும், அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள்.

8. காசு உங்கள் கையில் வரக் கூடாது

போட்டோக்கொப்பிக்கும் த்ரீவீலுக்கும் என்று வீட்டுக்கு நூறு ரூபாய் சேர்த்தார்கள். கணக்கு இன்னும் திறக்கவில்லை என்பதால் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு ரூபாவுக்கும் துண்டு இருந்தது. ஆனாலும் ஒரு மாதத்தில், "மிஸ்ஸிட்ட எவ்வளவு இருக்கோ தெரியாது" என்ற கதை முடுக்கில் ஓடியது. அதைச் சரிப்படுத்த ஒரு முழுக் கூட்டம் போனது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

கணக்குத் திறக்கும்வரை சீட்டு அக்கா போன்ற ஒருவரிடம், இரண்டு பேர் சாட்சியாக, பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு இருக்கட்டும். வங்கிக்குப் பதிவுச் சான்றிதழ், யாப்பு, கணக்குத் திறக்க எடுத்த தீர்மானத்தின் கூட்டறிக்கைப் பிரதி, கையொப்பமிடுவோரின் அடையாள அட்டைப் பிரதிகள் வேண்டும். மூவரில் இருவர் ஒப்பமிட்டால்தான் பணம் எடுக்கலாம் என்று வையுங்கள், இருவரும் ஒரே வீட்டுக்காரராக இருக்கக் கூடாது. மாதக் கணக்கை முடுக்குச் சுவரில் ஒட்டுங்கள்.

பதினான்கு மாதத்தில் தேநீர், போட்டோக்கொப்பி, பதிவுத் தபால், பயணம் எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 40,000 ரூபாவுக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது. பாதிக்கு மேல் தேநீரும் வடையும்தான். நிறுவனத்தில் இருந்து வருகிறீர்கள் என்றால் இந்தச் செலவை முதலிலேயே திட்ட வரவுசெலவில் கேட்டு வாங்குங்கள்.

9. கடிதமும் காலமும்

மாநகர சபையின் வரவுசெலவு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். அடுத்த வருடக் கணக்கு முந்தைய வருட நடுப்பகுதியிலிருந்தே உருவாகத் தொடங்கும். ஜூன், ஜூலைக்குள் உங்கள் வேண்டுகோள் மேசையில் இருக்க வேண்டும். நாங்கள் நவம்பரில் போனோம், வரைவு முடிந்துவிட்டது என்றார்கள். வேலை சிறியது என்பதால் பராமரிப்பு ஒதுக்கீட்டில் செய்ய முடிந்தது. கானை அகலமாக்குவது என்றிருந்தால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

மழையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். மே மாதம் தென்மேல் பருவமழை, ஒக்டோபர் நவம்பரில் மறுபடியும் கடுமையான மழை. கானுக்குள் இறங்கிச் செய்யும் வேலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை. கான், குப்பை, தெருவிளக்கு மூன்றையும் ஒன்றில் எழுதினால் அது மூன்று பிரிவுக்கும் போகாமல் ஒரு பைலில் தூங்கும். இணைப்பாக சோக் வரைபடத்தின் படம், மழையன்று எடுத்த இரண்டு படம், தகவல் சட்டப் பதில். கையெழுத்துத் தலைவரும் செயலாளரும். பிரதி வட்டார உறுப்பினருக்கும் பிரதேச செயலாளருக்கும். பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் இந்த விஷயம் எழும்போது பிரதேச செயலாளரின் மேசையில் பிரதி இருப்பது பெரிய உதவி. கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை, அனுப்பினால் பதிவுத் தபால். முத்திரை இல்லாத கடிதம் எழுதாத கடிதத்துக்குச் சமம்.

ஒரு கட்சியின் ஆளை மட்டும் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். எல்லோருக்கும் ஒரே பிரதி, ஒரே நாளில்.

பொறியியலாளரோ மேற்பார்வையாளரோ பார்வையிட வரும் நாளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். அன்று ஸ்லெப்பைத் தூக்க ஆளும் கம்பியும் தயாராக இருக்கட்டும். அந்தத் தாத்தாதான் விளக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் நான் வாயே திறக்கவில்லை. அவர் குனிந்து குழாயைத் தொட்டுக் காட்டினார், வந்தவர் அதே இடத்தில் அளவெடுத்தார், இருபது நிமிடத்தில் முடிந்தது.

10. வேலை நடக்கும்போதும் கையளிக்கும்போதும்

தொடங்குவதற்கு முன் ஒரு தடவை வீடு வீடாகச் சொல்லுங்கள்: எந்த நாள் தண்ணீர் வெட்டுவார்கள், முடுக்கில் எந்தப் பக்கம் நடக்கலாம், கைக்குழந்தையும் நடக்க முடியாதவர்களும் உள்ள வீடுகளுக்கு யார் உதவி. தினம் இரண்டு பேர் முறைபோட்டு வேலையைப் பார்க்கட்டும், திகதியோடு படம் எடுக்கட்டும். குறை கண்டால் வேலையாட்களோடு சண்டை வேண்டாம், அன்றே செயலாளர் எழுத்தில் கொடுக்கட்டும். எங்களுக்கு ஸ்லெப் ஒன்று சரியாக அமரவில்லை, மறுநாளே கடிதம் கொடுத்ததால் ஆட்கள் போகுமுன்னர் மாற்றினார்கள்.

கடைசியாகப் பைல். நீங்கள் போன பிறகும் அடுத்த மழை வரும். முன்பக்கத்தில் ஒரு தாள்: எந்தப் பிரச்சினைக்கு எந்த அலுவலகம், எந்தப் பிரிவு, பொது இலக்கம். அதன் பின்னால் பதிவுச் சான்றிதழ், யாப்பு, வங்கிப் புத்தகப் பிரதி, முத்திரை குத்திய கடிதங்கள் திகதி வரிசையில், தகவல் சட்டப் பதில், படங்கள். வருடாந்தப் பொதுக்கூட்டமும் கணக்கறிக்கையும் எந்த மாதம் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள், அது தவறினால் பதிவு செத்துப்போகும். இரண்டு பைல் செய்யுங்கள், ஒன்று செயலாளர் வீட்டில், மற்றது வேறு பக்கத்தில் உள்ள ஒரு வீட்டில், இரண்டுமே தண்ணீர் எட்டாத உயரத்தில். எங்கள் இரண்டாவது பைல் அந்தத் தாத்தாவின் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, இரும்புக் கம்பியும் அங்கேதான்.